காசு விழும் வாய்: சார்ள்ஸ் ஃபே என்ற மெக்கானிக்கின் கதை

நோர்வேயில் இருக்கும் சித்தப்பா முறையான ஒருவர் பொகவந்தலாவைக்கு வந்திருந்தார். 1977 வன்செயலுக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போன குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. காடு வெட்டி, கிணறு தோண்டி, காணி திருத்தி நிமிர்ந்த நேரத்தில் யுத்தம் வந்தது. 1990களில் அவர் மட்டும் எப்படியோ ஒஸ்லோ போய்ச் சேர்ந்தார். தாயும் தங்கைகளும் கிளிநொச்சியில் இருந்தார்கள்.

லயத்து வாசலில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், இத்தனை வருடமாக யாரிடமும் சொல்லாத ஒன்றை அவர் சொன்னார். ஒஸ்லோவில் வேலை முடிந்து வரும் வழியில் இருந்த கடையின் மூலையில் ஒரு சூதாட்ட மெசின் நின்றதாம். சம்பளத்தில் பாதியை அது பல வருடம் விழுங்கியிருக்கிறது. ஊருக்கு அனுப்ப எடுத்த காசும் அதற்குள் போயிருக்கிறது. பிறகு ஒரு கோடையில் அந்த மெசினின் தாள் வாய் மூடப்பட்டது. சில்லறை போடும் துளை மட்டும் மிஞ்சியது. அவர் சட்டைப்பையில் சில்லறை வைத்திருப்பவரல்ல. இருந்த நாலைந்து குற்றிகளும் சில நிமிடத்தில் முடிய, வீட்டுக்கு நடந்திருக்கிறார். மறுநாளும் அப்படித்தான். சில மாதங்களில் அந்தக் கடைப் பக்கம் போவதே நின்றுவிட்டது.

தாள் போடும் ஒரு சின்ன வாய்க்கு ஒரு மனிதனின் சம்பளத்தையே இழுக்கும் பலம் எங்கிருந்து வந்தது? இதைத் தேடிப்போனால் சார்ள்ஸ் ஃபே என்ற ஜேர்மன் மெக்கானிக்கிடம் போய் நிற்கிறோம். அவர் 1944இல் இறந்துவிட்டார். தாள் வாய் பொருத்திய சூதாட்ட மெசினை அவர் கண்டதில்லை. ஆனால் இன்று உலகெங்கும் காசு விழுங்கும் மெசின்களுக்கெல்லாம் மூலம் அவர் பட்டறையில் பிறந்த ஓர் இரும்புப் பெட்டிதான்.

பதினாறாவது பிள்ளை

1862இல் பவேரியாவின் ஃபோரிங்கன் என்ற ஊரில் ஒரு பெரிய குடும்பத்தின் கடைசிப் பிள்ளையாக அவர் பிறந்தார். அவருக்கு முன் பதினைந்து பேர். இட்ட பெயர் அவுகுஸ்ட். பதினான்கு வயதில் மியூனிக் நகரில் விவசாயக் கருவிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். இரும்பு பேசும் மொழியை அங்கேதான் பழகினார்.

பதினைந்து வயதில் வீட்டை விட்டுக் கிளம்பினார். முதலில் பிரான்ஸ். அடுத்து லண்டன். அங்கே கப்பற் கருவிகள் செய்யும் இடத்தில் ஐந்து வருடம் இருந்தார். நுணுக்கமான பற்சக்கரம், சுருள்வில், அளவு தவறாத அச்சு எல்லாம் அங்கே கைக்கு வந்தன. காசு சேர்த்துக் கப்பலேறி, நியூ ஜேர்சியில் சில காலம் தங்கி, 1885இல் 23 வயதில் சான் பிரான்சிஸ்கோவை அடைந்தார்.

அங்கே எல்லோரும் அவரை கஸ் என்று சுருக்கிக் கூப்பிட்டார்கள். அந்தச் செல்லப்பெயர் அவருக்குப் பிடிக்கவில்லை. பெயரைச் சார்ள்ஸ் என்று மாற்றிக்கொண்டார். புது நாட்டில் வேலை தேடும்போது பெயர் என்ன பாடு படும் என்பதை எங்கள் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

ஒரு வருடம் என்று சொன்ன வைத்தியர்கள்

மின்கருவிகள் செய்யும் பட்டறை ஒன்றில் வேலை கிடைத்தது. ஆனால் விரைவிலேயே காசநோய் பிடித்தது. அந்தக் காலத்தில் அதற்கு நல்ல மருந்து கிடையாது. ஒரு வருடம் உயிரோடு இருந்தால் அதிகம் என்றார்கள் வைத்தியர்கள். வெப்பமான காற்றுக்காக மெக்சிக்கோ போய் இருந்து பார்த்தார். திரும்பி வந்து கிரியோசோட் என்ற தார் மருந்தை எடுத்தார். எப்படியோ தேறினார். அதன்பின் ஐம்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்தார்.

மேரி வோல்க்மர் என்ற கலிபோர்னியப் பெண்ணை மணந்தார். மூன்று பெண்களும் ஒரு மகனும் பிறந்தார்கள். வேலையிடத்தில் அறிமுகமான தியோடர் ஹோல்ட்ஸ் என்பவரோடு சேர்ந்து சிறிய மின்பட்டறை ஒன்றைத் தொடங்கினார்.

அன்றைய சான் பிரான்சிஸ்கோ தங்கம் தேடி வந்தவர்களாலும் கப்பற்காரர்களாலும் நிறைந்த துறைமுகம். மூலைக்கு மூலை மதுச்சாலை. மதுச்சாலைக்குள் காசு போட்டு விளையாடும் பெட்டிகள். அவற்றில் ஒன்றை குஸ்தாவ் ஷுல்ட்சே என்ற இன்னொரு மெக்கானிக் 1893இல் கொண்டுவந்திருந்தார். ஒற்றைச் சக்கரம், வென்றால் பெட்டியே காசைக் கக்கும். நியூயோர்க்கின் புரூக்ளினில் சிட்மன், பிட் என்ற இருவர் 1891இல் செய்த இன்னொரு பெட்டியில் ஐந்து உருளைகளில் சீட்டுக்கட்டுப் படங்கள் சுழன்றன. ஆனால் ஐந்து உருளையில் வரக்கூடிய சேர்க்கைகள் எண்ணிலடங்காதவை. எதற்கு எவ்வளவு என்று அந்தப் பெட்டியால் கணக்குப் பார்க்க முடியவில்லை. வென்றவர் மதுச்சாலைக்காரரைக் கூப்பிட்டுத்தான் பரிசு வாங்க வேண்டும்.

ஃபேயின் கண் இந்த இடத்தில் விழுந்தது. கணக்குப் பார்க்கவும் காசு கொடுக்கவும் பெட்டிக்கே தெரிந்தால், பக்கத்தில் ஆள் நிற்கத் தேவையில்லை.

மூன்று சக்கரம், ஆயிரம் கணக்கு

பேர்க்லியில் இருந்த தன் வீட்டின் நிலவறையில் இரவுகளில் வேலை செய்தார். 1895இல் செய்த ஒரு பெட்டிக்கு அந்நாளைய லொத்தர் ஒன்றில் பிரபலமாக இருந்த எண்களையே பெயராக வைத்தார்: 4-11-44. அது நன்றாக ஓடியது. அந்த வருமானத்தில் சான் பிரான்சிஸ்கோவின் மார்க்கெட் வீதியில் 406ஆம் இலக்கத்தில் சொந்தப் பட்டறை போட்டார்.

அங்கேதான் 1890களின் கடைசியில் லிபர்ட்டி பெல் பிறந்தது. சில நூல்கள் 1895 என்கின்றன. குடும்ப ஆவணங்களைத் தேடிப் புத்தகம் எழுதிய பேரன் மார்ஷல் ஃபே 1899 என்று குறிக்கிறார். இரும்பு உடம்பு, பக்கத்தில் ஒரு கைபிடி, முகப்பில் மூன்று சக்கரங்கள். சக்கரங்களில் குதிரை லாடம், நட்சத்திரம், சீட்டுக்கட்டின் ஆட்டின், டைமன், ஸ்பேட், இவற்றோடு பிலடெல்பியாவின் விடுதலை மணி.

அது வேலை செய்யும் விதம் எளிது. காசு விழும்போது கைபிடியின் பூட்டு கழலும். கைபிடியை இழுத்தால் சுருள்வில் முறுகி சக்கரங்கள் ஒன்றாகச் சுழலும். உள்ளே ஒரு சிறு காற்றாடி நேரத்தைக் கட்டுப்படுத்தும். இடமிருந்து வலமாக ஒவ்வொரு சக்கரமாக நிற்கும். முதல் இரண்டில் மணி வந்துவிட்டால் மூன்றாவது நிற்கும்வரை பார்ப்பவருக்கு மூச்சு நிற்கும். சக்கரங்களுக்குப் பக்கத்தில் வெவ்வேறு ஆழத்தில் வெட்டிய தட்டுகள் இருக்கும். இரும்பு விரல்கள் அந்த வெட்டுக்குள் இறங்கித் தடவிப் பார்க்கும். விரல் எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ அதற்கேற்பக் குழாயிலிருந்து காசு விழும். மின்சாரம் தேவையில்லை. கணக்குப்பிள்ளையும் தேவையில்லை.

ஒவ்வொரு சக்கரத்திலும் பத்து நிலைகள். பத்தைப் பத்தால் பெருக்கி, அதை மீண்டும் பத்தால் பெருக்கினால் ஆயிரம் சேர்க்கை. சக்கரத்துக்கு ஒரு மணி என்று வைத்தால், மூன்று மணியும் ஒரே வரியில் வருவது ஆயிரத்தில் ஒன்று. அதற்குக் கிடைக்கும் பெரிய பரிசு 50 சதம், அதாவது போட்ட ஐந்து சத நிக்கலைப் போல் பத்து. இடையில் சின்னச் சின்னப் பரிசுகள் அடிக்கடி விழும். அவை விழுவதால்தான் ஆள் நகரமாட்டான். கூட்டிக் கழித்துப் பார்த்தால் மிச்சம் எப்போதும் பெட்டியின் பக்கம். யாரும் ஏமாற்றத் தேவையில்லை. கணக்கே அப்படி வெட்டப்பட்டிருக்கிறது.

இதைப் படிக்கும் தோட்டத்து ஆட்களுக்குக் கொழுந்து நிறுக்கும் தராசு நினைவுக்கு வரலாம். ஈரத்துக்கு இத்தனை கிலோ, சாக்குக்கு இத்தனை கிலோ என்று கழித்த பிறகுதான் பெயருக்கு நேரே எண் விழும். கழிவு ஒவ்வொரு முறையும் சின்னது. மாத முடிவில்தான் அதன் கனம் தெரியும்.

கள்ளக்காசைத் தடவிய ஊசி

மெசினுக்கு வாய் இருந்தால் அதை ஏமாற்றவும் ஆள் இருக்கும். நிக்கல் அளவில் வெட்டிய ஈயத்தகடும் இரும்புத்தகடும் போட்டு விளையாடினார்கள். இன்னொரு சிக்கலும் இருந்தது. காசாகப் பரிசு கொடுப்பதைச் சட்டம் பிடிக்கும் இடங்களில், காசுக்குப் பதிலாக உலோகச் சில்லுகள் கொடுத்தார்கள். அந்தச் சில்லை அதே மதுச்சாலையில் ஒரு கிளாஸ் பியருக்கோ சுருட்டுக்கோ மாற்றலாம். வெளியே அதற்கு மதிப்பில்லை.

ஃபே சில்லின் நடுவில் துளை போட்டார். வாய்க்குள் ஒரு சிறு ஊசியை வைத்தார். விழும் வட்டத்தை அந்த ஊசி தொட்டுப் பார்க்கும். துளை இருக்கிறதா இல்லையா என்பதைக் கொண்டு, நல்ல நிக்கலைப் போலியிலிருந்து பிரிக்க வழி பிறந்தது. மெசினுக்குக் காசை அடையாளம் காணச் சொல்லிக்கொடுத்த முதல் பாடங்களில் இதுவும் ஒன்று. நூறு வருடத்துக்குப் பிறகு வந்த தாள் வாய் செய்வதும் இதையேதான். ஊசியின் இடத்தில் ஒளி வந்திருக்கிறது.

குறித்த இடத்தில் மட்டும் செல்லுபடியாகும் சில்லு மலையகத்துக்கும் புதிதல்ல. இலங்கையின் காப்பிக் காலத்தில் வேலைக்குக் கூலியாகக் கொடுக்கப்பட்ட உலோகச் சில்லுகள் இன்றும் நாணயம் சேகரிப்பவர்கள் கையில் இருக்கின்றன. பிறகு வந்தது கடனை எழுதிய துண்டு. 1921இல் துண்டு முறை ஒழிக்கப்படும்வரை, அந்தத் தாளில் எழுதிய கடன் தீராமல் ஒரு தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. எது காசு, அது எங்கே செல்லும் என்று தீர்மானிப்பவர் கையில்தான் மற்றவருடைய உழைப்பும் இருக்கிறது.

விற்கமாட்டேன் என்றார்

லிபர்ட்டி பெல்லுக்கு ஆட்கள் முண்டியடித்தார்கள். பட்டறையில் செய்து முடிக்கும் வேகம் போதவில்லை. பெரிய வியாபாரிகள் உரிமையை விலைக்குக் கேட்டார்கள். ஃபே விற்கவில்லை, குத்தகைக்கும் கொடுக்கவில்லை. தானே செய்தார், தானே மதுச்சாலைகளில் வைத்தார், தானே பழுது பார்த்தார். பெட்டி திறக்கும்போது வருமானத்தில் பாதி அவருக்கு, பாதி கடைக்காரருக்கு.

இதற்கு ஒரு காரணம் இருந்தது. சூதாட்டப் பெட்டிக்குக் காப்புரிமை பெற முடியாது. ஷுல்ட்சே தன் பெட்டியின் காப்புரிமைக்காகத் தொடுத்த வழக்கில், சூதாட்டத்துக்கு மட்டும் உதவும் ஒரு கருவியைப் பயனுள்ள கண்டுபிடிப்பு என்று சட்டம் ஏற்காது என்று கலிபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் 1897இல் தீர்த்தது. ஆகவே ஃபேயின் மூளைக்குச் சட்டத்தின் காவல் இல்லை. பெட்டியைக் கையைவிட்டு விடாமல் வைத்திருப்பதுதான் ஒரே காவல்.

அந்தக் காவலும் உடைந்தது. 1905இல் ஒரு மதுச்சாலையிலிருந்து லிபர்ட்டி பெல் ஒன்று களவு போனதாகவும், அது சிக்காகோவின் மில்ஸ் நொவெல்ட்டி கொம்பனியிடம் போய்ச் சேர்ந்ததாகவும் கதை உண்டு. களவு நடந்த விதம் எப்படியிருந்தாலும், சில வருடத்தில் மில்ஸ் அதே மாதிரியில் தன் மெசினை இறக்கியது. மில்ஸிடம் பெரிய தொழிற்சாலை இருந்தது. நாடு முழுக்க அதை வைத்தார்கள். பின்னர் சூதாட்டச் சட்டங்களுக்குத் தப்ப, சுவிங்கம் விற்கும் பெட்டி என்று காட்டி, சக்கரத்தில் பழப் படங்கள் போட்டார்கள். இங்கிலாந்தில் இன்றும் இதைப் பழ மெசின் என்பது அதனால்தான்.

நெருப்பும் சட்டமும்

1906 ஏப்ரல் 18 விடியற்காலை சான் பிரான்சிஸ்கோவை நிலநடுக்கம் உலுக்கியது. தொடர்ந்து நாட்கணக்கில் தீ எரிந்தது. மார்க்கெட் வீதிப் பட்டறை அழிந்தது. மதுச்சாலைகளில் நின்ற பெட்டிகளும் அழிந்தன. ஃபே செய்த மூல லிபர்ட்டி பெல்களில் விரல்விட்டு எண்ணக்கூடியவை மட்டுமே மிஞ்சின. ஒன்று இன்று நெவாடா மாநில அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நாற்பத்து மூன்று வயதில், சேர்த்ததெல்லாம் சாம்பலான பிறகு, அவர் மறுபடி தொடங்கினார். ஆயுதம் எடுத்தவன் எரித்தாலும் பூமி எரித்தாலும், சாம்பலைக் கூட்டி அள்ளும் வேலை ஒன்றுதான். அது எங்கள் வாசகர்களுக்குத் தெரியும்.

அடுத்த அடி சட்டத்திலிருந்து வந்தது. 1909இல் சான் பிரான்சிஸ்கோ நகரம் இத்தகைய மெசின்களைத் தடை செய்தது. 1911இல் கலிபோர்னியா மாநிலமே தடை செய்தது. அவரை எதிர்த்தவர்களின் நியாயமும் சிறியதல்ல. சம்பள இரவில் மதுச்சாலையில் நின்ற கணவனின் காசு வீட்டுக்கு வரவில்லை என்பது அந்த நகரத்துப் பெண்களுக்கும் தெரிந்த விஷயம். ஃபே அதன்பின் வேறு வேறு வடிவங்களில் காசுப் பெட்டிகள் செய்துகொண்டே இருந்தார். 1929இல் வெள்ளி டொலர் போட்டு விளையாடும் மெசினைச் செய்தார். ஐந்து சதத் துளையில் தொடங்கியவர், ஒரே விழுங்கில் நூறு சதத்தை எடுக்கும் வாய்வரை வந்துவிட்டார்.

1944 நவம்பரில் தன் 82ஆவது வயதில் இறந்தார். பேரர்கள் இருவர் பின்னர் ரீனோ நகரில் லிபர்ட்டி பெல் பெயரில் உணவகம் நடத்தி, தாத்தாவின் மெசினை மக்கள் பார்வைக்கு வைத்திருந்தார்கள். பட்டறை இருந்த மார்க்கெட் வீதி இலக்கத்தைக் கலிபோர்னியா தன் வரலாற்றுச் சின்னங்களில் 937ஆவதாகச் சேர்த்தது. உயிரோடு இருந்தபோது தடை செய்த மாநிலம், இறந்த பிறகு பெயர்ப்பலகை வைத்தது.

தாளுக்கு ஒரு வாய்

ஃபே இறந்து இருபது வருடத்துக்குள் மெசின் மாறத் தொடங்கியது. 1960களின் தொடக்கத்தில் சிக்காகோவின் பாலி நிறுவனம் மின்மோட்டரால் இயங்கும் மெசினைக் கொண்டுவந்தது. அடியில் பெரிய காசுத் தொட்டி, ஐந்நூறு குற்றிவரை தானே கொட்டும். அப்போதும் உள்ளே போவது குற்றிதான். ஒரு கை கூடைக் காசை ஏந்தியிருக்கும், மறு கை ஒவ்வொன்றாகப் போடும். கூடை காலியானால் எழுந்துபோய்ச் சில்லறை மாற்ற வேண்டும். அந்த நடை ஒரு நிமிடமாவது எடுக்கும். போதும் என்ற நினைப்பு வருவதென்றால் அந்த ஒரு நிமிடத்தில்தான் வரும்.

1990களில் கசினோ மெசின்களில் தாள் வாய் பரவியது. தாளை வைத்தால் ஒரு சிறு மோட்டர் உள்ளே இழுக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் தெரியாத அகச்சிவப்பு ஒளியும் தாளின் மேல் விழும். மையில் காந்தம் இருக்கிறதா என்று ஒரு தலை தடவும். நினைவில் வைத்திருக்கும் மாதிரியோடு ஒத்துப்போனால் தாள் பெட்டிக்குள் போகும். ஒத்துப்போகாவிட்டால் நாக்கைப்போல் வெளியே வரும். ஏற்றுக்கொண்ட தாளை, மெசினுக்கு மின்துடிப்புகளாக மாற்றிச் சொல்லும். ஐந்து சத மெசினில் ஒரு டொலர் என்றால் இருபது துடிப்பு. இருபது டொலர் என்றால் நானூறு.

அமெரிக்காவில் பழைய மெசின்களைச் சேகரித்து வீட்டில் வைத்திருப்போர் பலர். அவர்களில் சிலர் பழைய குற்றி மெசினுக்கே தாள் வாய் பொருத்தப் பார்க்கிறார்கள். வீட்டுக்கு வரும் நண்பர்களிடம் இப்போது சில்லறை இல்லை என்பது காரணம். ஆனால் வேலை நினைக்கிற அளவு சுலபமல்ல.

பாலி போன்ற மின்மெசின் என்றால், குற்றி கடந்து போகும்போது தட்டும் சுவிட்ச் ஒன்று உள்ளே இருக்கும். தாள் வாயின் துடிப்பை அந்தச் சுவிட்சுக்குப் பக்கத்தில் இணைக்கலாம். ஆனால் தாள் வாய்கள் பல 12 வோல்ட் நேர்மின்னில் ஓடுபவை. பழைய மெசினின் மின்சுற்று வேறு அழுத்தத்தில் ஓடும். நேராக இணைத்தால் புதியது கருகும். இடையில் ஒரு ரிலே வைக்க வேண்டும். அதன்பிறகும் ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய மெசினுக்கு இருப்புக் கணக்கு வைக்கத் தெரியாது. ஒரு குற்றி, ஒரு சுழற்சி, அவ்வளவுதான். இருபது துடிப்பு ஒன்றாக வந்தால் பத்தொன்பதைத் தவறவிடும். மீதியை நினைவில் வைத்து ஒவ்வொன்றாகக் கொடுக்க இன்னொரு பலகை வேண்டும்.

ஃபே காலத்து முழு இயந்திர மெசின் என்றால் நிலைமை இன்னும் கடினம். அங்கே சுவிட்சே கிடையாது. குற்றியின் எடையும் தடிப்பும் இல்லாமல் கைபிடிப் பூட்டு கழலாது. மின்காந்தம் வைத்து அதை இழுக்கலாம். ஆனால் பரிசு கொடுக்கும் குழாயை நிரப்புவதே உள்ளே விழும் குற்றிதான். குற்றி விழாவிட்டால் குழாய் வற்றிப்போகும். அதோடு, தாள் வாய் வைக்கப் பெட்டியில் துளை வெட்டினால் நூறு வருடப் பழமையின் மதிப்பு அன்றோடு போய்விடும். ஆகவே விஷயம் தெரிந்தவர்கள் மெசினைத் தொடுவதில்லை. தாளை வாங்கிக் குற்றி கொட்டும் பெட்டி ஒன்றைப் பக்கத்தில் வைக்கிறார்கள்.

ஃபேயின் மெசின் தாளை ஏற்க மறுப்பது பழுதினால் அல்ல. ஒரு கை, ஒரு குற்றி, ஓர் இழுப்பு என்ற அளவுக்கே அது வெட்டப்பட்டிருக்கிறது. அதைச் செய்தவர் இரக்கத்தினால் அப்படிச் செய்யவில்லை. அவர் காலத்து இரும்புக்கு அதற்கு மேல் முடியவில்லை. ஆனாலும் அந்த இயலாமை எத்தனையோ பேரின் சம்பளத்துக்குச் சிறிதளவாவது வேலியாக நின்றிருக்கிறது. தாள் வாய் வந்தபோது உடைந்தது அந்த வேலிதான்.

வாயை மூடிய நாடு

இதைப் புரிந்துகொண்ட அரசுகள் உண்டு. நோர்வேயில் சூதாட்ட மெசின்கள் கடைகளிலும் பெட்டிக்கடைகளிலும் நின்றன. அவற்றின் வருமானத்தில் செஞ்சிலுவைச் சங்கம் போன்ற தொண்டு அமைப்புகளும் பங்கு பெற்றன. ஆகவே மெசினை எடுப்பது அரசுக்கு எளிதாக இருக்கவில்லை. 2006 ஜூலையில் முதல் படியாகத் தாள் வாயை மட்டும் தடை செய்தார்கள். மெசின் அங்கேயே நின்றது, குற்றித் துளையும் திறந்தே இருந்தது. அந்த ஒரு மாற்றத்தோடு பதின்ம வயதினரின் சூதாட்டம் குறைந்ததை அங்கு நடந்த ஆய்வு காட்டியது. 2007 ஜூலையில் மெசின்களே அகற்றப்பட்டன. பின்னர் அரசு நிறுவனம் கொண்டுவந்த புதிய மெசின்கள் காசையே வாங்குவதில்லை. அடையாளத்தோடு கூடிய அட்டை வேண்டும், இழக்கக்கூடிய தொகைக்கு எல்லை உண்டு.

சித்தப்பா சொன்ன கோடை அந்த 2006தான். தன்னைப் போன்ற ஒருவருக்காக ஒரு நாடு சட்டம் போட்டது என்பது அவருக்கு அப்போது தெரியாது. தனக்கே புத்தி வந்துவிட்டது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்.

எங்கள் மக்கள் வாழும் வேறு நாடுகளிலும் இதே கேள்வி எழுந்தது. தென் அவுஸ்திரேலியாவில் சூதாட்ட மெசின்களில் தாள் வாய் நெடுங்காலம் அனுமதிக்கப்படவில்லை. 2019 சட்ட மாற்றத்தின் பின்னரே அதற்கு வழி திறந்தது. பிரித்தானியாவில் பந்தயக் கடை மெசின்களில் ஒரே ஆட்டத்துக்கு 100 பவுண்வரை வைக்கலாம் என்றிருந்ததை 2019 ஏப்ரலில் 2 பவுணாகக் குறைத்தார்கள். வாயின் அகலத்தைப் பற்றிய சண்டைதான் எல்லாமே.

பொகவந்தலாவையில் ஒரு தாள்

பொகவந்தலாவையில் தாள் விழுங்கும் மெசின் இல்லை. ஆனால் மலையக நகரங்களுக்கு ரேஸ் புக்கி புதிதல்ல. எங்கோ ஓடும் குதிரைக்கு இங்கே சீட்டு எழுதுகிறார்கள். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அரசு இந்தத் தொழிலிடம் வரி வாங்குகிறது. 2010இல் கசினோக்களை ஒழுங்குபடுத்தவும் ஒரு சட்டம் வந்தது. சம்பள நாளில் புக்கிக்குள் போகும் தாளுக்கு எல்லை வைக்க வேண்டும் என்ற பேச்சு எங்கள் தேர்தல் மேடைகளில் கேட்பதில்லை. இப்போது தொலைபேசியிலேயே பந்தயம் கட்டலாம். அங்கே தாளும் இல்லை, குற்றியும் இல்லை. வாயே இல்லாத வாய் அது.

நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் வேண்டும் என்று தோட்ட மக்கள் பல வருடம் வீதியில் நின்றார்கள். 2021இல்தான் அது வர்த்தமானியில் வந்தது. அன்றைய கணக்கில் ஒரு முழு நாள் மலையேறி, அட்டைக் கடியோடும் மழையோடும் கொழுந்து பறித்த உழைப்பு, ஒரே ஒரு ஆயிரம் ரூபாய்த் தாள். மெசினோ புக்கியோ அதை ஒரு நொடியில் வாங்கிவிடும். அதே காசைப் பத்து ரூபாய்க் குற்றிகளாகக் கையில் கொடுத்துப் பாருங்கள். நூறு குற்றி. மடி கனக்கும். ஒவ்வொன்றாக எடுத்துப் போடுவதற்குள் எங்கோ ஓர் இடத்தில் கை நின்றுவிடும்.

சித்தப்பா திரும்பிப் போகும் நாளில் ஹட்டன் பஸ்ஸுக்காகக் காத்திருந்தோம். பஸ் ஏறுமுன் சட்டைப்பையிலிருந்து ஒரு கடித உறையை எடுத்து என் அத்தையின் கையில் வைத்தார். தங்கச்சிப் பிள்ளையின் கம்பஸ் செலவுக்கு என்றார். கையில் மிஞ்சிய சில்லறையைக் கொண்டக்டரிடம் எண்ணிக் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார்.